ஆறு வீதம்தானே, பிறகு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

2023 பெப்ரவரி 18, கேள்வி

இலங்கையில் கத்தோலிக்கர் 6 வீதம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் போனாலும் கோயில், கொன்வென்ட், சந்திக்குச் சந்தி அந்தோனியார் சுருவம். ஆயர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாள் பத்திரிகையில் முதல் பக்கம். இது போர்த்துக்கேயர் விட்டுப்போன செல்வாக்குத்தானே? தொகைக்கு மிஞ்சிய இடம் வேறு எப்படி வரும்?

2023 பெப்ரவரி 18, இரவு

போர்த்துக்கேயர் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் தொகை. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சம், அதில் கத்தோலிக்கர் 15 இலட்சத்துக்கு மேல். வீதமாகப் பார்த்தால் சிறிதுதான், ஆனால் நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் ஆறு வீதம் இல்லை இது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம், மன்னார் என்று மேற்குக் கரையோடு ஏறி எங்கள் பக்கம் வருகிறது. மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர், அந்த ஒருவரும் பெரும்பாலும் குருநகர், பாசையூர், நாவாந்துறை, மாதகல், இளவாலை, சில்லாலை, தீவுப்பகுதி என்று சேர்ந்து இருப்பவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலடியில் நின்று பார்த்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. கடற்கரை வீதியால் வந்திருப்பீர்கள்.

2023 பெப்ரவரி 19

திருத்தம். நேற்று 15 இலட்சம் கத்தோலிக்கர் என்று எழுதியது பிழை. அது எல்லாக் கிறிஸ்தவர்களும் சேர்ந்த தொகை. கத்தோலிக்கர் 12 இலட்சத்து 61 ஆயிரம், அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை, புதிய சபைகள் எல்லாம் சேர்த்து மற்றவர்கள் 2 இலட்சத்து 90 ஆயிரம் அளவில். அதாவது 6.2 வீதம், 1.4 வீதம். காலையில் கணக்கெடுப்புக் கோப்பை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பிழையை எல்லாரும் விடுகிறோம், அதனால் சும்மா கடந்துபோகவும் விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் 'வேதக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆனால் அமெரிக்க மிஷன்காரர் 1816இல் வந்து வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தியது வேறு கதை. சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலர் பெருமான் தீவிரமாக எதிர்த்து எழுதியதும் கூடுதலாக அந்தப் பக்கத்தைத்தான். கத்தோலிக்கக் கதை அதற்கு இருநூற்றெழுபது வருடமளவில் முந்தியது, அது தொடங்கியது பள்ளிக்கூடத்தில் இல்லை, கடற்கரையில்.

2023 பெப்ரவரி 21

போர்த்துக்கேயர் விட்டுப்போன செல்வாக்கு என்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல். மன்னார்க் கரையோர மக்கள், தென்னிந்தியக் கரையில் மறைபணி செய்த பிரான்சிஸ் சவேரியாருக்கு ஆள் அனுப்பி, அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றது 1544இல், எழுபத்தைந்து வருடம் முன்னால். அதே வருடம் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் படையோடு போய் அறுநூறு பேரளவில் வெட்டுவித்தான். அந்த நேரம் மன்னாரில் போர்த்துக்கேயக் கோட்டை இல்லை. பிறகு 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருமாரை வெளியேற்றினார்கள். யோசப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேரும் வரைக்கும் இருபத்தொன்பது வருடம் இந்த மண்ணில் பூசை இல்லை. ஆளும் இனத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்றால் இருபத்தொன்பது வருடம் போதும் கலைந்துபோக. சில்லாலையில் அவருக்கு வாசல் திறந்தவர்கள் யார்? போர்த்துக்கேயப் பிரபுக்கள் இல்லை, எங்கள் சனம்.

2023 பெப்ரவரி 22, சாம்பல் புதன்

நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். மன்னார்ச் சனம் சவேரியாரைக் கூப்பிட்டதில் விசுவாசம் மட்டும் இருந்தது என்று நான் சொன்னால் அது நேர்மை இல்லை. கடலில் போர்த்துக்கேயக் கப்பல் பலமாக இருந்த காலம், மீன்பிடிக்கிறவனுக்கும் முத்துக்குளிக்கிறவனுக்கும் அந்தப் பாதுகாப்பு தேவை. மேல்சாதியிடமிருந்து ஒரு தப்பும் வழியாகவும் இருந்திருக்கும். இதை ஒத்துக்கொள்வதால் அந்த அறுநூறு பேரின் மரணம் சிறிதாகாது.

போர்த்துக்கேயர் உண்மையாகவே எல்லா வீட்டிலும் விட்டுப்போனது ஒன்று உண்டு. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, குசினி, சப்பாத்து, பாண். ஆசாரமான சைவ வீட்டுக் குசினியிலும் போர்த்துக்கேயன் இருக்கிறான், பாணோடு சம்பலும் சாப்பிடுகிறான்.

2023 பெப்ரவரி 26

'தொகைக்கு மிஞ்சிய இடம்' என்ற சொல் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்ப் பிரிவில், மூன்று வருடம் பழைய பதிவேடுகளைப் பிரதி எடுத்தேன், அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவேடு என்பது நீளமான தடித்த புத்தகம். ஒவ்வொரு வரியிலும் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தண்ணீர் வார்த்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தந்தை, குருவின் கையெழுத்து. பழைய பக்கங்களில் அந்தோனிப்பிள்ளை 'அந்தோனியுஸ்' என்று லத்தீனில் இருப்பார். இடது ஓரத்தில் ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும், அந்தப் பங்கிலிருந்து கடிதம் வரும், எழுதி வைப்பார்கள்: இன்ன வருடம், இன்ன பங்கில், இன்னாரை விவாகம் செய்தார். எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு வரியின் ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு வாழ்க்கை தொடரும். எல்லாவற்றையும் எழுதியது குருமார் தங்கும் உள்ளூர் அறைவீட்டில் இருந்த சுவாமிமார், விறாந்தையில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில்.

1995 ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பிப் போன இரவு, எங்கள் சுவாமி பீடத்து வெள்ளிக் குத்துவிளக்குகளை விட்டுவிட்டுப் பதிவேடுகளைத் தகரப் பெட்டியில் போட்டு உழவு இயந்திரத்தில் ஏற்றினார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை, கோபம் கூட வந்தது. திரும்பி வந்தபோது அம்மாவின் பிறப்புப் பதிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. ஓய்வூதிய அலுவலுக்குப் பிறந்த திகதி வேண்டும். ஏறாத வாசல் இல்லை. கடைசியில் அந்தத் தகரப் பெட்டியிலிருந்த ஒரு வரியைப் பிரதி எடுத்து, சுவாமியின் முத்திரையோடு கொடுத்தோம், சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்தின் கீழ் மூலையைக் கறையான் அரித்திருந்தது. அம்மாவின் வரிக்கு இரண்டு வரி கீழே வரை.

ஆயர் பேசினால் ஏன் கேட்கிறார்கள் என்று கேட்டீர்கள். அரசாங்கம் எங்களைத் தொலைத்த இடத்தில் அறைவீட்டில் எங்கள் பெயர் இருந்தது. எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

2023 பெப்ரவரி 27

'அது உங்கள் ஆட்களின் பெயர் மட்டும்தானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதிவேட்டைப் பொறுத்தவரை ஆம். வாசலைப் பொறுத்தவரை இல்லை. அதே 1995இல் தென்மராட்சியில் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று மாதம் இருந்தோம், பாதிக்கு மேல் சைவக் குடும்பங்கள். ஒரு ஆச்சி விடியற்காலையில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கிழக்குப் பார்த்துத் திருநீறு பூசுவா. சிஸ்டர் அந்த நேரம் கஞ்சிக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஆச்சி கும்பிட்டு முடிக்கும் வரை மணி அடிக்காமல் நிற்பா. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதே வருடம் யூலை 9, நவாலி புனித பேதுரு கோயில். கோயில்களில் ஒதுங்கச் சொன்னதை நம்பி ஒதுங்கிய சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, நூற்றுக்கு மேல் செத்தார்கள். அதில் சைவமும் வேதமும் கலந்துதான் கிடந்தது.

2023 மார்ச் 2

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒருவரும் தொடவில்லை, ஆச்சரியம். அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபைக் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள், 1850இல் பத்திரிசியார் கல்லூரி, 1862இல் திருக்குடும்பக் கன்னியர் மடம். 1876இல் தொடங்கிய 'சத்திய வேத பாதுகாவலன்' இன்றும் 'பாதுகாவலன்' என்ற பெயரில் வருகிறது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுக்கும் சட்டம் வந்தபோது பெரும்பாலானவை கைமாறின. பத்திரிசியார் போன்ற சில கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாக நின்றன. எங்கள் அப்பா அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும்.

அவர் சொல்லும் இன்னொன்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வாராந்த விடுமுறை இல்லை. பௌத்தரின் புனித நாளான போயா நாளைக் கணக்கிட்டு விடுமுறை விட்டார்கள். அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். ஞாயிறு விடிய ஐந்து மணிப் பூசை கண்டு, நற்கருணை வாங்கி, வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடுவார். ஆறு வீதம் என்றால் நாட்காட்டியில் உன் நாள் இருக்குமா இல்லையா என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள் என்று அர்த்தம். செல்வாக்கு என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். 1972, 1978 அரசியலமைப்புகளில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், நாங்களும் சைவரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

2023 மார்ச் 6

நீர்கொழும்பிலிருந்து எழுதிய தம்பிக்கு. 'அக்கா, நீங்கள் கத்தோலிக்கர் என்று சொல்லும்போது எங்களை எண்ணுகிறீர்களா' என்று கேட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். எண்ணுவதில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். தொகை சொல்லும்போது உங்களைச் சேர்த்துச் சொல்கிறோம், கதை சொல்லும்போது விட்டுவிடுகிறோம்.

2002இல் சமாதானம் வந்து வழி திறந்த பிறகு மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலின் ஆவணித் திருநாளுக்குப் போனேன். காட்டுக்குள் ஒரே மரத்தடியில் எங்கள் படங்கும் நீர்கொழும்புக் குடும்பம் ஒன்றின் கூடாரமும். அந்த அம்மாவுக்குத் தமிழ் இல்லை, எனக்குச் சிங்களம் இல்லை. இரவு செபமாலை தொடங்கியதும் அவர் 'அருள் நிறைந்த மரியே' முழுவதும் தமிழில் சொன்னார், ஒரு எழுத்துப் பிசகாமல். அவருடைய ஆச்சி தமிழில்தான் செபம் சொல்வாவாம், அர்த்தம் தெரியாமலே பாடமாம். மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். அந்தக் கரையில் இரண்டு தலைமுறைக்குள் வீட்டுமொழி மாறிப்போனதைப் படித்திருக்கிறேன். ஒரு வாயில் கேட்டது அன்றுதான்.

நாட்டில் மொத்தம் 12 மறைமாவட்டம், ஒரே ஆயர் பேரவை. சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே நிறுவனத்துக்குள் இருப்பது இங்கே அரிது. அதனாலேயே வலி கூட. போர்க்காலத்தில் தெற்கு ஆயர்கள் எங்களுக்காக இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்று இங்கே எல்லாரும் நினைத்தோம், நானும் நினைத்தேன்.

2023 மார்ச் 7

நேற்றுக் கடைசி வரியை எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. 2019 ஏப்ரல் 21 காலை, உயிர்ப்புத் திருநாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்றிலும் குண்டு வெடித்தது. விடுதிகளில் செத்தவர்களையும் சேர்த்து 260க்கு மேல் உயிர். கட்டுவாப்பிட்டிக்காரர் அன்றிலிருந்து நீதி கேட்கிறார்கள். எங்கள் ஊர் அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்பிருந்தே தெருவோரம் இருக்கிறார்கள். யார் யாருக்காக முதலில் பேசியிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க இப்போது எனக்கு மனமில்லை. தம்பி, உங்கள் பங்கில் யாரையாவது இழந்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2023 மார்ச் 12

கணக்குப் பற்றிய இழையில் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 தை மாதம், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கொடுத்தது. 2008 ஒக்டோபரில், இறுதிப் போர் நேரம், வன்னியில் இருந்த சனம் 4,29,059. அரசாங்கப் பகுதிக்குள் வந்து சேர்ந்ததாகப் பதிவானது 2,82,380. கழித்தால் 1,46,679. இந்தச் சனம் எங்கே என்று கேட்டார். முதல் எண் அரசாங்கக் கச்சேரிகளின் பதிவு, இரண்டாவது ஐ.நா. கொடுத்த கணக்கு, அவர் செய்தது கழித்தல் மட்டும். அந்தத் தொகையோடு வாதாடினவர்கள் உண்டு. ஆனால் அந்த நேரம் இங்கே வாய் திறக்க ஆளில்லை.

அந்த ஒன்றரை இலட்சத்தில் கத்தோலிக்கர் எத்தனை என்று அவர் பிரித்துக் கேட்கவில்லை.

2023 மார்ச் 19

'சாதியைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை' என்று கேட்டது நியாயம். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டேன்.

என் தம்பியின் கல்யாணம். பெண் வேறு பங்கு, இரண்டு பக்கமும் கத்தோலிக்கம், மூன்று தலைமுறைக்கு மேல். கோயிலில் கல்யாண அறிவித்தலான முதல் ஓலை வாசித்த ஞாயிறு பின்னேரமே அந்தப் பங்கு மூப்பர் ஒருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, எழும்பும்போது 'உங்கட ஆக்கள் எங்க சேமக்காலையில் அடக்கிறவை' என்று கேட்டார். சாதியைக் கேட்க இதைவிட நாகரிகமான வழியை நான் இன்னும் காணவில்லை. செத்த பிறகு எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்பதை வைத்து உயிரோடு இருக்கிறவர்களை அளக்கிறார்கள். கல்யாணம் நடந்தது, அங்கிருந்த சுவாமி பிடிவாதமாக நின்று நடத்தி வைத்தார். ஆனால் பெண் பக்கத்தில் பாதி வாங்கு வெறுமை.

அம்மா சொல்வா, அவவின் சிறு வயதில் சில கோயில்களில் ஒரு பகுதி வாங்கில், ஒரு பகுதி நிலத்தில் பாயில். பூசை லத்தீனில், எல்லாருக்கும் சமமாக விளங்காது, இருக்கை மட்டும் வேறு. இன்று அந்தப் பாய் இல்லை. பெருநாளில் சுருவம் வைத்த கூடு தூக்குவது யார், எந்தத் தெருவால் கூடு போகும் என்ற சண்டை சில இடத்தில் இன்னும் இருக்கிறது. சவேரியாரின் வழியில் வந்தோம் என்று பெருமை பேசும் நாங்கள், சாதியிலிருந்து தப்ப வந்த வழியில் சாதியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பெப்ரவரி 22இல் 'தப்பும் வழி' என்று எழுதினேனே, அது முழுதாகத் திறக்கவில்லை என்று அங்கேயே எழுதியிருக்க வேண்டும்.

2023 மார்ச் 20

மதமாற்றம் பற்றி எழுதினவருக்குச் சுருக்கமாக: நான் பிரதி எடுத்த பக்கங்களில் வளர்ந்த ஆட்களின் ஞானஸ்நானம் பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டியது. வீடு வீடாகப் போகிற புதிய சபைகளோடு எங்களைச் சேர்த்து அடிக்காதீர்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத இடம்.

2023 மார்ச் 26

தவக்காலம், பின்னேரத்தில் பக்கத்து வளவிலிருந்து, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் கேட்கிறது. எழுதியவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள், கோவாவில் பிறந்தவர், 1705இல் இங்கே வந்து தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் எழுதியவர், 1742இல் இங்கேயே இறந்தார். ஒல்லாந்தர் தடை இருந்த காலத்தில் அவர் எழுதியதை இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெடியன் ஒலிவாங்கி பிடித்து நீட்டி இழுத்துப் படிக்கிறான். குரல் உடைகிற வயது, 'ஐயையோ' என்ற இடத்தில் உண்மையாகவே உடைகிறது.

செல்வாக்குக் கணக்கில் இதையும் போடுங்கள். தென்மோடிக் கூத்து, ஞானசௌந்தரி, எஸ்தாக்கியார் நாடகங்கள், கூத்துப் பழக்கும் கடற்கரை அண்ணாவிமார். மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் நல்லூரில் இருந்துகொண்டு தமிழ்ச் சொற்களின் வேரைத் தோண்டினார். கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. தமிழ் மாநாடு என்றதும் மேடையில் தலைவர்கள் ஞாபகம் வருகிறார்கள். தொடங்கியவர் ஒரு தீவுப்பகுதிச் சுவாமி.

2023 ஏப்ரல் 1

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, 'அப்படியென்றால் இந்த இடம் நிலைக்குமா' என்கிறார். எனக்குப் பயம் இருக்கிறது. நான் பிறந்த வருடத்துப் பக்கங்களைப் பார்த்தேன், ஒரு மாதமே இரண்டு பக்கம். போன வருடம் முழுவதும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. ஓரக் குறிப்புகள்தான் கூடியிருக்கின்றன: ஸ்காபரோ, லா சப்பல், லண்டன். சனம் இங்கே குறைய, பதிவேட்டின் ஓரத்தில் உலகப்படம் வளர்கிறது.

2023 ஏப்ரல் 8, பெரிய சனி

காலையில் அறைவீட்டுக்கு ஒரு பெடியன் வந்தான். கனடாவிலிருந்து, இருபது வயது இருக்கும், தமிழ் கொஞ்சம். அப்பம்மாவின் ஞானஸ்நானப் பதிவு வேண்டுமாம். பெயர் தெரியும், வருடம் தெரியாது. சுவாமி இரவுத் திருவிழிப்பு அலுவலில், என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 1938. வரியைக் காட்டினேன், ஓரத்தில் கல்யாணக் குறிப்பு இருந்தது. அதை வாசித்துக் காட்டச் சொன்னான், வாசித்தேன். பிறகு போனை எடுத்துப் படம் பிடிக்காமல் விரலால் அந்த வரியை மெதுவாகத் தடவிப் பார்த்தான். தடவ விடக் கூடாது, பழைய மை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்குத் தீ மந்திரிப்பு. மெழுகுதிரி வாங்க வேண்டும், போகிறேன்.